கணினியில் பேஸ் கிட்டார் ஓசையைச் சீராக்குவது எப்படி?

வேப்பந்தட்டையில் திருவிழாவுக்குப் பாட்டுத் தயாரிக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஹெட்போனில் பேஸ் கும்மென்று இருக்கிறது. கூம்பு ஒலிபெருக்கியில் போட்டால் காணோமே, ஏன்?"

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கூம்பு ஒலிபெருக்கியும் செல்போனும் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பா. ஆனால் அதே தந்தியில் 82, 124, 165 ஹெர்ட்ஸ் என மடங்கு மடங்காக மேல் அதிர்வுகளும் உண்டு. அவை நன்றாகக் கேட்டால், அடி ஒலியை நம் மூளையே ஊகித்துக்கொள்ளும்.

1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தினார். இன்று வீட்டுக் கணினியிலேயே அதைச் செய்யலாம். எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள்.

1. அதில் டிரிபிள் ஆசிலேட்டர் கருவியைத் திறந்து, ரம்பப் பல் வடிவ அலையைத் தேர்வு செய்யுங்கள். சைன் அலையில் மேல் அதிர்வுகளே கிடையாது.

2. லோ-பாஸ் ஃபில்டரை இயக்கி, இரைச்சல் அடங்கும்வரை மெதுவாகக் குறையுங்கள். அதிகம் குறைத்தால் மேல் அதிர்வுகளும் போய்விடும்.

3. டிஸ்டார்ஷன் சிறிதளவு சேருங்கள். அது புதிய மேல் அதிர்வுகளை உண்டாக்கும்.

4. ஈக்வலைசரில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஓசை மந்தமாக இருந்தால் 200 முதல் 300 வரை சற்றுக் குறையுங்கள்.

முடித்ததும் செல்போனில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். அதிலும் பேஸின் சுரம் புரிந்தால், தைரியமாகத் திருவிழாப் பந்தலுக்குக் கொடுக்கலாம்!