மிதிவண்டியின் நிகர வேகம்

மிதிவண்டியில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் செல்லலாம் என்று நண்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். 25 கிலோமீட்டர் என்பார் ஒருவர். 30க்குக் குறையாது என்பார் மற்றொருவர். கல்லூரி நாட்களில் 40ஐத் தொட்டதாக உறுதி கூறுவோரும் உண்டு. இவர்களில் எவரும் பொய் சொல்வதில்லை. என்றோ ஓர் இறக்கத்தில் சில நொடிகள் அந்த வேகத்தை எட்டியிருப்பார்கள். நினைவில் தங்குவது அந்தச் சில நொடிகளே.

போட்டிப் பயிற்சி ஏதுமற்ற, உடல்நலமுள்ள நடுவயதினர் ஒருவர், மட்கார்டும் கேரியரும் பொருத்திய சாதாரண வண்டியில், மேடுபள்ளமில்லாத சாலையில் சீராக மிதித்துச் செல்லும்போது அவருடைய வேகம் மணிக்கு 15 முதல் 18 கிலோமீட்டர்தான். நகர நெரிசலில் இது 12 முதல் 15 வரை இறங்கிவிடும். எடை குறைந்த கியர் வண்டியும் சில மாதப் பழக்கமும் இருந்தால் 20 அல்லது 22 கைகூடும். துணையின்றித் தனியாக ஒரு மணி நேரம் முழுவதும் 25ஐ விடாமல் காப்பவரைச் சாதாரண ஓட்டுநர் என்று சொல்வதற்கில்லை. அவர் முறையாகப் பயிற்சி செய்பவர்.

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதத்தினரிடம் மிதிவண்டி இருந்தது. நாட்டில் ஏறத்தாழப் பாதி வீடுகளில் இருந்த ஒரு வாகனத்தின் வேகத்தை நாம் இவ்வளவு மிகைப்படுத்தி நினைப்பது ஏன்?

வங்கித் தொழிலில் மொத்த வருமானம் வேறு, நிகர வருமானம் வேறு. கழிக்க வேண்டியவற்றைக் கழித்த பிறகு கையில் நிற்பதே நிகரம். வேகத்துக்கும் இது பொருந்தும். 10 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பவருக்கு 30 நிமிடம் ஆகும். வழியில் ஆறு சிக்னல்களில் ஒவ்வொரு நிமிடம் நின்றால் மொத்தம் 36 நிமிடம்; நிகர வேகம் 17க்கும் குறைவு. கைப்பேசிச் செயலிகள் பலவும் வண்டி நின்றவுடன் கடிகாரத்தையும் நிறுத்திவிடுகின்றன. அவை காட்டுவது மொத்த வேகம். அலுவலகத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர உதவுவது நிகர வேகம். நம் அலுவலக நண்பர்கள் சிலர் ஞாயிறுதோறும் விடியற்காலையில் கூடி மிதிவண்டியில் செல்வது வழக்கம். மேம்பாலத்து இறக்கத்தில் கிடைத்த 34 என்ற எண்ணைத் திங்கட்கிழமை காலை அனைவரும் சொல்வார்கள். அதே பயணத்தின் சராசரியான 17ஐச் சொல்பவரை நாம் இதுவரை சந்திக்கவில்லை.

சராசரி என்றதும் வணிகவியல் பட்டப்படிப்பின் புள்ளியியல் தாளில் படித்த ஒன்று நினைவுக்கு வருகிறது. ஏற்றத்தில் 10 கிலோமீட்டரை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திலும், திரும்பும்போது அதே 10 கிலோமீட்டரை 30 கிலோமீட்டர் வேகத்திலும் ஒருவர் கடந்தால் சராசரி எவ்வளவு? 20 என்று மனம் சட்டென விடை சொல்லும். ஏறுவதற்கு 60 நிமிடம், இறங்குவதற்கு 20 நிமிடம். ஆக 20 கிலோமீட்டருக்கு 80 நிமிடம். சராசரி 15தான். இதற்கு இசைச் சராசரி என்று பெயர். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரத்துக்கு வாழ்க்கையில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மெதுவாகச் செல்லும் பகுதியில்தான் அதிக நேரம் செலவாகிறது. ஆகவே சராசரியை அதுவே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இறக்கத்தில் ஈட்டியதைக்கொண்டு ஏற்றத்தின் கடனை முழுவதுமாக அடைக்க இயலாது.

இவற்றையெல்லாம் சரிசெய்தாலும், வேகத்துக்கு மேல்வரம்பு இடுவது காற்று. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுகிறது. அதை வெல்ல மிதிப்பவர் தரவேண்டிய ஆற்றலோ மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண வண்டியையும் 65 கிலோ எடையுள்ள ஒருவரையும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், சமதளத்தில் காற்றில்லாத நேரத்தில் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 55 வாட் தேவை. 20க்கு 100 வாட். 25க்கு 170 வாட். 30க்கு 265 வாட் அளவுக்குப் போய்விடும். பயிற்சி இல்லாத ஒருவர் பெரிதாக மூச்சிரைக்காமல் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 75 முதல் 100 வாட் வரை, அதாவது முன்பு நம் வீடுகளில் தொங்கிய குண்டு பல்பு ஒன்றை எரிய வைக்கும் அளவு. அந்த ஆற்றலுக்கு உரிய வேகம் எது என்பது மேற்கண்ட கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

இதைச் செலவும் வரவும்போல வைத்துப் பார்த்தால் மற்றோர் உண்மை புலப்படும். 10 கிலோமீட்டர் பயணத்தில் வேகத்தை 15லிருந்து 20க்கு உயர்த்தினால் கூடுதல் செலவு சுமார் 45 வாட்; மிச்சமாகும் நேரம் 10 நிமிடம். 25லிருந்து 30க்கு உயர்த்தினால் கூடுதல் செலவு 95 வாட். மிச்சம் 4 நிமிடம் மட்டுமே. இரண்டு மடங்குக்கும் மேல் முதலீடு, பாதிக்கும் குறைவான ஆதாயம். கடன் விண்ணப்பமாக இது மேசைக்கு வந்தால் எந்தக் கிளை மேலாளரும் ஒப்புதல் தரமாட்டார்.

எதிர்க்காற்றும் ஏற்றமும் இதே கணக்கின் வேறு பத்திகள். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் மெல்லிய எதிர்க்காற்று, அதே 100 வாட்டில் செல்பவரை 20லிருந்து 15க்கு இறக்கிவிடும். 100 மீட்டருக்கு 3 மீட்டர் உயரும் சாலை, பார்வைக்கு மேடு என்றே தோன்றாதது, அவருடைய வேகத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடும்.

வண்டியில் உள்ள குறைகளை மட்டும் செலவின்றித் திருத்திக்கொள்ளலாம். காற்றுக் குறைந்த டயரும் எண்ணெய் காணாத செயினும் ஆற்றலை வீணாக்குவதைப் பலரும் அறிவர். இருக்கையின் உயரத்தைத்தான் கவனிப்பதில்லை. இரு கால்களும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்வது நம்மிடையே பெருவழக்கு. பெடல் அடிப்பகுதியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நீண்டு நேராக நிற்க வேண்டும். அதுவே ஏற்ற உயரம். முழங்கால் வலி என்று மிதிவண்டியைக் கைவிட்டவர்களில் சிலருக்கு இந்த இரண்டு அங்குலமே மருந்தாகியிருக்கும்.

உலகின் மிகச் சிறந்த வீரர்களின் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு மணி நேரத்தில் கடக்கும் தொலைவுக்கான சாதனையை 1893 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஆன்றி தெக்ரான்ஜ் என்பவர் 35.325 கிலோமீட்டர் என்று பதிவு செய்தார். பத்தாண்டுகள் கழித்து ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தைத் தொடங்கியவரும் அவரே. 1972ல் மெக்சிகோ நகரில் எட்டி மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர் சென்றார். 2022ல் சுவிட்சர்லாந்தில் இத்தாலிய வீரர் பிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டரை எட்டினார். 129 ஆண்டுகளில் 61 சதவீத உயர்வு. ஆண்டுக் கூட்டு வளர்ச்சியாகக் கணக்கிட்டால் 0.37 சதவீதம். இந்த விகிதத்தில் ஒரு வைப்புத் திட்டத்தை அறிவித்தால் கிளைப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்! முன்னணி வீரர் ஒரு மணி நேரம் தரக்கூடிய ஆற்றல் 400 வாட் அளவில் இருக்கும். நம்மைப்போல் நான்கு மடங்கு. காற்றைக் கிழிக்கும் தலைக்கவசமும், உடலோடு ஒட்டிய உடையும், பளிங்குபோன்ற ஓடுதளமும் துணைநின்றும் வேகம் நம் 20ஐப்போல் மூன்று மடங்கைத் தொடவில்லை. ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தின் சராசரி அண்மை ஆண்டுகளில் 42 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது என்றால், அங்கே வீரர்கள் கூட்டமாகச் சென்று ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் காற்றுக்கு ஒதுங்கிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். அவ்வாறு ஒதுங்கிச் செல்பவருக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும்.

போட்டியின்றி நெடுந்தொலைவு செல்வோரின் அளவுகோல் இதற்கு நேர்மாறானது. ‘பிரெவே’ எனப்படும் நெடும்பயணங்கள் இன்று இந்திய நகரங்கள் பலவற்றிலும் நடைபெறுகின்றன. 200 கிலோமீட்டருக்கு அவற்றில் வழங்கப்படும் அவகாசம் 13 மணி 30 நிமிடம். 600 கிலோமீட்டருக்கு 40 மணி. 1891ல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணம் இப்போது நான்காண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு உச்ச அவகாசம் 90 மணி. உணவு, உறக்கம், பஞ்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 13 கிலோமீட்டர் சொச்சம். அந்தப் பதக்கத்தைப் பெற்றுத் திரும்பும் இந்தியர்கள் ஊரே வியக்கும் மனவுறுதி படைத்தவர்கள். ஆனால் அவர்களுடைய நிகர வேகம் நம் தெருவில் பால் போடுபவரின் வேகம்.

இந்த 12, 15 என்ற எளிய எண்களால் என்ன பயன் என்பதற்கு பீகார் மாநிலம் ஒரு விடை தந்திருக்கிறது. 2006ல் அம்மாநில அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளி 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து நடந்து போக ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்; திரும்பிவர அதே அளவு. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 25 நிமிடம். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் இத்திட்டத்தை அண்டை மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் சிறுமியரின் அளவு 32 சதவீதம் கூடியிருந்தது. இவ்வகையில் ஆண், பெண் பிள்ளைகளுக்கு இடையிலிருந்த இடைவெளி 40 சதவீதம் சுருங்கியிருந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் இந்த மாற்றம் பெரிதும் தென்பட்டது. பணிமாற்றலில் வடமாநிலக் கிளை ஒன்றில் இருந்த நாட்களில், சீருடையணிந்த மாணவியர் இருவர் இருவராகப் பேசிச் சிரித்தபடி மிதிவண்டியில் போவதை நாம் நாள்தோறும் கண்டதுண்டு. அவர்களை முந்திச் செல்ல ஆட்டோ ஓட்டுநருக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. ஆனால் அந்த வேகம் இல்லாதிருந்தால் அவர்களில் எத்தனை பேர் எட்டாம் வகுப்போடு நின்றிருப்பர் என்று எண்ணாமல் இருக்க முடிந்ததில்லை.

நகரங்களில் மிதிவண்டியின் மீது சாட்டப்படும் குற்றம், அது மற்ற வாகனங்களைத் தாமதப்படுத்துகிறது என்பது. கொல்கத்தாவில் 2013ல் 170க்கும் மேற்பட்ட சாலைகளில் மிதிவண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. பிறகு அந்த எண்ணிக்கை குறைக்கப்பட்டது. பால்காரரும் நாளிதழ் போடுபவரும் சிறு வணிகரும் சந்துகளைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. இனி, டாம்டாம் நிறுவனம் 2024 ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட போக்குவரத்துக் கணக்கைப் பாருங்கள். கொல்கத்தாவில் வாகனத்தில் 10 கிலோமீட்டர் செல்லச் சராசரியாக 34 நிமிடத்துக்கும் சற்று மேல் ஆகியிருக்கிறது. பெங்களூரிலும் 34, புனேயில் 33. மணிக்கு 17 அல்லது 18 கிலோமீட்டர்! விலையுயர்ந்த எஞ்சினும் எரிபொருளும் கொண்டு நகரம் எட்டியிருக்கும் வேகம், கேரியர் வைத்த சாதாரண வண்டி காலியான சாலையில் எட்டும் வேகமே. யார் யாரைத் தாமதப்படுத்துகிறார்கள் என்பதில் நமக்கு ஐயம் உண்டு.

கோபன்ஹேகன் நகரத்தார் வேறு வழியைத் தேர்ந்தனர். அங்கே சில முக்கியச் சாலைகளில், காலையில் நகருக்குள் வருவோருக்கும் மாலையில் வீடு திரும்புவோருக்கும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் அடுத்தடுத்துப் பச்சை விளக்கே கிடைக்கும்படி சிக்னல்களை அமைத்தனர். மொத்த வேகத்துக்கும் நிகர வேகத்துக்கும் இடையிலிருந்த கழிவை அவர்கள் நீக்கிவிட்டார்கள். அதற்கு ஓட்டுநரின் தசையில் ஒரு வாட்கூடக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

நம் ஊரில் சிக்னல்கள் அவ்வாறு மாறும்வரை காத்திராமல் 20க்கு மேல் விரும்புவோருக்கு மின்மிதிவண்டி இருக்கிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, உரிய சோதனை நிறுவனத்தின் சான்றும் பெற்றிருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. கடையில் அந்தச் சான்றைக் கேட்டுப் பெறுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு வாரம், இருக்கும் வண்டியிலேயே வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்தையும் அலுவலக வாசலில் இறங்கும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். தொலைவை அந்த நேரத்தால் வகுத்தால் உங்கள் நிகர வேகம் கிடைத்துவிடும். அது 14 என்று வந்தால், 6 கிலோமீட்டரில் இருக்கும் அலுவலகத்துக்கு 26 நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் போதும்.