விந்தணு தகுதி பெறும் விதம்

ஆணின் விந்தணுவும் பெண்ணின் சினைமுட்டையும் கூடுவதால் கரு உண்டாகிறது என்று உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு நாம் கற்பிக்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நானும் அவ்வாறு கற்பித்தவன். எளிதாகத் தோன்றும் இவ்வாக்கியத்தினுள் ஒரு பெரும் புதிர் அடங்கியிருந்தது. தவளையின் முட்டைகளை உடலுக்கு வெளியே கருவுறச் செய்யலாம் என்று இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்ஸானி 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். ஆனால் பாலூட்டிகளின் முட்டையையும் விந்தணுவையும் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒன்றாக இட்டபோது, ஐயத்துக்கு இடமற்ற வெற்றி நெடுங்காலம் எவருக்கும் கிட்டவில்லை. காரணம் யாது?

அக்காரணத்தைக் கண்டவர்களுள் ஒருவர் மின் சுவே சாங் என்னும் விஞ்ஞானி. அவர் 1908-ஆம் ஆண்டில் சீனாவின் ஷான்ஸி மாகாணத்தில் பிறந்தவர். இங்கிலாந்துக்குச் சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செம்மறிக் கடாவின் விந்தணுக்களை ஆராய்ந்து 1941-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1945-இல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் பரிசோதனை உயிரியல் நிலையத்தை அடைந்தார்.

அவருக்குத் துணை நின்ற பிராணி முயல். பெண் முயல், ஆணுடன் கூடிய பின்னரே முட்டையை வெளிவிடும். அதற்குச் சுமார் பத்து மணி நேரம் ஆகும். ஆகவே முட்டை வெளிப்படும் வேளையை முன்கூட்டியே கணக்கிடலாம். சாங் விந்தணுக்களை நேரே கருக்குழாயில் இட்டுப் பார்த்தார். முட்டை வெளிவருவதற்குச் சில மணி நேரம் முன்னதாக இட்டால் முட்டைகள் கருவுற்றன. முட்டை வெளிவந்த பின்னர் இட்டால், விந்தணுக்கள் உயிரோடிருந்தும் பெரும்பாலும் பயன் விளையவில்லை. இதனை அவர் 1951-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் என்பவரும் தனியே ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார்.

இதன் பொருள் என்ன? விதைநெல்லை ஊறவைத்து, முளைகட்டிய பின்னரே நாற்றங்காலில் தெளிக்கிறோம். விந்தணுவும் அத்தகையதே. ஆணுடலினின்று வெளிப்படும்போது அதன் மேற்புறத்தைச் சில பொருள்கள் மூடியிருக்கின்றன. பெண்ணுடலில் சில மணி நேரம் தங்கும்போது அவை அகல்கின்றன. விந்தணுவின் மேற்சவ்வு மாறுகிறது. வாலின் அசைவு வலுப்பெறுகிறது. அதன் பின்னரே முட்டையின் உறையைத் துளைத்துச் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டாகிறது. இவ்வாறு தகுதி பெற்ற விந்தணுவை மீண்டும் விந்து நீரில் இட்டால் அத்தகுதி மறைந்துவிடும் என்பதையும் சாங் 1957-இல் காட்டினார்.

பூட்டின் திறவுகோல் கிடைத்துவிட்டது. 1959-இல், பெண் முயலின் கருப்பையில் தங்கித் தகுதி பெற்ற விந்தணுக்களை எடுத்து, முட்டைகளை உடலுக்கு வெளியே கருவுறச் செய்தார். அவற்றை வேறு முயல்களின் உடலில் சேர்த்தார். உயிருள்ள குட்டிகள் பிறந்தன. ஜப்பானிலிருந்து வந்து அவருடன் பணியாற்றிய யானகிமாச்சி, 1963-இல் வெள்ளெலியின் முட்டைகளை இம்முறையில் கருவுறச் செய்தார். 1978-இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததற்கு இவ்வறிவும் ஓர் அடிப்படையாகும். இதே சாங், கிரகரி பின்கஸ் என்பவருடன் சேர்ந்து கருத்தடை மாத்திரையை உருவாக்குவதிலும் பங்கு கொண்டார். பிள்ளை வேண்டுவோர்க்கும், வேண்டாதோர்க்கும் ஒருங்கே பயன்பட்ட அவ்வாழ்வு 1991-இல் முடிவுற்றது.

நேயர்களே, முயலைப் பற்றிய இவ்வாராய்ச்சி நம் இல்லங்களுக்கும் ஒரு செய்தி கூறுகிறது. விந்தணு உயிரோடு நீந்துவது வேறு. முட்டையைக் கருவுறச் செய்வது வேறு. அவ்வாறே, ஆடவனின் உடல்வலிமை அவனது விந்தணுவின் தகுதிக்குச் சான்றாகாது. பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதிகளுள் ஏறக்குறைய பாதிப்பேரிடத்தில், குறை ஆணிடம் மட்டுமோ, ஆணிடமும் சேர்ந்தோ இருப்பதாக மருத்துவர்கள் கூறுகின்றனர். ஆயினும் "மலடி" என்ற சொல்லை எத்தனையோ பெண்கள் தனியே சுமந்திருக்கின்றனர். எத்தனை மருமகள்மார் கோயில் கோயிலாகவும் மருத்துவமனை மருத்துவமனையாகவும் அலைய, கணவன்மார் ஒருமுறையேனும் பரிசோதனைக்குச் செல்லாது இருந்திருக்கின்றனர்! விந்துப் பரிசோதனையோ வலியற்றது, அதிகச் செலவுமற்றது. ஆகவே பிள்ளைப்பேறு தாமதமானால் கணவனும் மனைவியும் ஒரே நாளில், ஒருங்கே மருத்துவரிடம் செல்லட்டும். அதற்கு வழிசெய்ய வேண்டியவர்கள் வீட்டிலுள்ள பெரியோர்களே.