ராகி மால்ட் கஞ்சி ஒரு வீட்டில் நெகிழ்வதும் மறு வீட்டில் களியாவதும் ஏன்? பீர் தயாரிப்பாளர்களின் கணக்கு தரும் விளக்கம்

திருப்பதி: ஒரே மூட்டைக் கேழ்வரகு, ஒரே அளவு தண்ணீர். ஆயினும் ஒரு வீட்டில் மால்ட் கஞ்சி குழந்தை விழுங்கும் அளவுக்கு நெகிழ்ந்து வருகிறது. மறு வீட்டில் கரண்டி நிற்கும் களியாகிவிடுகிறது. இதற்குத் தானியத்தின் தரம் மட்டுமே காரணமன்று. முளைவிட்ட தானியத்தில் உருவாகும் அமைலேஸ் என்னும் நொதி, வேலை செய்வதற்குத் தேவையான வெப்பத்தையும் நேரத்தையும் பெற்றதா என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

மேலை நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் இக்கணக்கை மிக நுணுக்கமாகப் பின்பற்றுகின்றனர். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, 64 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் சுமார் ஒரு மணி நேரம் ஊறவைப்பர். இதற்கு மேஷ் என்று பெயர். தானியத்திலிருந்து கிடைக்கக்கூடிய சர்க்கரையில் எத்தனை விழுக்காடு நீரில் இறங்கியது என்பதே மேஷ் திறன். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கிடைக்க வேண்டும் என்பதற்காக வெப்பமானியும் அடர்த்திமானியும் வைத்துக் குறிப்பெடுப்பர்.

ஆந்திரப் பிரதேசத்தில் உரிமமின்றி மது தயாரிப்பது 1968-ஆம் ஆண்டின் மாநிலக் கலால் சட்டப்படி குற்றம். எனவே இங்கு அந்த அறிவியல் பயன்படும் இடம் பீர்ப் பீப்பாய் அன்று, ராகிப் பாத்திரம்தான். நொதி ஒன்றே, விதிகளும் ஏறத்தாழ ஒன்றே.

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் ராகி சங்கடி இன்றும் அன்றாட உணவு. திருப்பதியை அடுத்த பெருமாள்ளபள்ளி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கேழ்வரகு ரகங்களை உருவாக்கி வருகிறது. ஆந்திர அரசுப் பள்ளிகளில் 2023 மார்ச் மாதம் முதல் வெல்லம் சேர்த்த ராகி ஜாவா வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. எனினும், கஞ்சியின் நெகிழ்வு உண்மையில் முக்கியமாவது பள்ளிப் பிள்ளைகளைவிட, ஆறு மாதம் கடந்த கைக்குழந்தைகளுக்கே.

சிறிய வயிறு, பெரிய தேவை

எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லி மட்டுமே கொள்ளும். முளைகட்டாத ராகி மாவில் காய்ச்சும் கஞ்சி, பத்து விழுக்காட்டிற்கு மேல் மாவு சேர்ந்தாலே இறுகிவிடும். எனவே தாய்மார் நீரைக் கூட்டுகின்றனர். குழந்தையின் வயிறு நிறைகிறது. ஆனால் அதில் 24 கிராம் மாவு, அதாவது 80 கலோரிக்கும் குறைவான ஆற்றலே இருக்கும். நொதி மாவுச்சத்தை வெட்டி நெகிழச் செய்தால், அதே கிண்ணத்தில் இரு மடங்கு மாவைச் சேர்க்கலாம். ஆற்றலும் இரு மடங்காகும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பதால் அதன் அளவும் அவ்வாறே உயரும்.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் மல்லேஷி, தேசிகாச்சார் ஆகியோர் முளைகட்டிய ராகியையும் பாசிப்பயற்றையும் கொண்டு, எளிதில் இறுகாத இணை உணவு ஒன்றை உருவாக்கி 1982-ஆம் ஆண்டே வெளியிட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

எங்கே வீணாகிறது?

முதல் இழப்பு வாணலியில். முளைகட்டிய ராகியை மணம் வரும்வரை நன்றாக வறுப்பது பலரின் வழக்கம். சுவை கூடும் என்பது உண்மையே. ஆனால் ஈரம் வற்றாத தானியத்தைச் சூடேற்றினால் நொதி அழிந்துவிடும். பிறகு அந்த மாவு மணமுள்ள சாதாரண மாவு மட்டுமே. முதலில் நிழலிலோ இளவெயிலிலோ நன்கு உலர்த்தி, பின்னர் 70 டிகிரி அளவிலான மென்சூட்டில் வாட்டி, முளை வேர்களைத் தேய்த்து நீக்கி அரைப்பதே முறை.

இரண்டாவது இழப்பு அடுப்பில். மால்ட் மாவைக் கொதிநீரில் நேரடியாகக் கொட்டினால் நொதி சில நிமிடங்களில் செயலிழக்கும். மாறாக, குளிர்ந்த நீரில் கரைத்து அப்படியே வைத்திருந்தாலும் பயனில்லை. மாவுச்சத்துத் துகள் வெந்து உப்பினால்தான் நொதியால் அதை வெட்ட முடியும். பார்லியின் மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டியே உப்பிவிடும். கேழ்வரகுக்கு அதைவிடக் கூடுதல் வெப்பம் தேவை. அதாவது மாவு வேகும் வெப்பமும் நொதி அழியும் வெப்பமும் அருகருகே உள்ளன. கேழ்வரகின் தாயகமான கிழக்கு ஆப்பிரிக்காவில், உகாண்டா மக்கள் ராகி முளையைக் கொண்டே மல்வா என்னும் பானம் தயாரிக்கின்றனர். முதலில் சூட்டில் பக்குவமாக்கிய மாவில் முளைமாவைப் பின்னர் சேர்ப்பதே அங்கு கையாளப்படும் வழி.

வீட்டிலும் அதுவே எளிது. வெப்பமானி இல்லாவிடினும் ஒரு கணக்கு உதவும்: கொதிக்கும் 100 டிகிரி நீரும், 30 டிகிரி குழாய் நீரும் சம அளவில் கலந்தால் 65 டிகிரி. எனவே மொத்த நீரில் பாதியைக் கொண்டு சாதாரண ராகி மாவைக் களியாக வேகவைத்து, மீதிப் பாதியில் ஓரிரு தேக்கரண்டி மால்ட் மாவைக் கரைத்து ஊற்றிக் கிளறலாம். களி கண்ணெதிரே தளர்வதைக் காணலாம். ஹாட்பாக்ஸில் மூடி 15 நிமிடம் வைத்தபின் மீண்டும் ஒருமுறை கொதிக்கவிட வேண்டும். முளைகட்டும்போது பெருகிய கிருமிகளை அழிக்க இந்தக் கொதி கட்டாயம். சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டி நீர் 40 டிகிரியைத் தொடும். மார்கழியில் 20-ஐ ஒட்டியிருக்கும். அதற்கேற்ப அளவு மாறும். ஒரே கைப்பக்குவம் பருவத்திற்குப் பருவம் வேறுபடுவதன் காரணமும் இதில் ஓரளவு அடங்கியுள்ளது.

தண்ணீரின் தன்மைக்கும் பங்குண்டு. நொதி சற்றே அமிலத்தன்மையுள்ள நீரை விரும்புகிறது; உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் அதன் வேகம் குறையும். கருஞ்சிவப்பு ரகங்களில் உள்ள துவர்ப்புப் பொருளும் நொதியை ஓரளவு தடுக்கும். முளைகட்டும் நேரம் சுமார் இரண்டு நாள். கோடையில் துணி மூட்டைக்குள் வெப்பம் ஏறி, முளைக்கும் முன்பே பூஞ்சணம் பிடித்துவிடுவதுண்டு. நாற்றமோ நிறமாற்றமோ தெரிந்தால் அந்த ஈட்டை முழுவதுமாகக் கொட்டிவிட வேண்டும்.

மாவு விற்கும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஒவ்வொரு ஈட்டையும் மலிவாகச் சோதிக்கலாம். நெகிழ்ந்த கஞ்சியில் ஒரு துளியை வெள்ளைத் தட்டில் வைத்து, நீர் கலந்த டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட வேண்டும். கருநீலம் தோன்றினால் மாவுச்சத்து இன்னும் உடையவில்லை. செம்பழுப்பானால் நொதி வேலை செய்திருக்கிறது. சோதித்த துளியைப் பாத்திரத்தில் சேர்க்கக் கூடாது.

ஆறு மாதம் நிறைவடையாத குழந்தைகளுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். ராகி மால்ட் உட்பட எந்தக் கஞ்சியும் கொடுக்க வேண்டியதில்லை.