வீட்டு அலுவலகத்துக்கும் நடை சாத்த வேண்டும்

உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திய பிறகு கோயில் வாசலில் போய் நின்று, ஏமாந்து திரும்பாத அடியவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. வெயிலில் நடந்து வந்து, தேங்காய்ப் பழத் தட்டும் கையுமாக மூடிய கதவைப் பார்த்து நிற்கையில் சற்றே மனத்தாங்கலும் உண்டாகும். "இன்னும் கால்மணி நேரம் திறந்து வைத்தால் என்ன?" என்று அர்ச்சகரிடம் கேட்டவர்கள் உண்டு. அடியேனும் கேட்டிருக்கிறேன். "சுவாமிக்கும் ஓய்வு வேண்டாமா, மாமா?" என்று சிரித்துக்கொண்டே சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார் அவர்.

சில ஆண்டுகளாக, என் வீட்டின் உள்ளறையைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது. அங்கேதான் என் மகன் கணினியின் முன் அமர்ந்து வேலை செய்கிறான். அந்த அறைக்கு நடை திறக்கும் வேளையும் இல்லை, நடை சாத்தும் வேளையும் இல்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது அலுவலகக் கதவும் ஆலயக் கதவும் ஏறத்தாழ ஒருசேர மூடின. அடியார்கள் உள்ளே செல்ல இயலாத அந்த மாதங்களிலும் கோயில்களில் நித்திய பூஜை நின்றுவிடவில்லை. பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாதபோதும் அபிஷேகமும் நிவேதனமும் பள்ளியறை பூஜையும் அதனதன் வேளையில் நடந்தன. செப்டம்பர் 1-ஆம் தேதி தமிழகத்தின் பெரிய கோயில்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது, நாம் விட்டுவந்த இடத்திலேயே அவை நம்மை வரவேற்றன. அலுவலகமோ அப்படித் திரும்பவில்லை. ஊருக்கு வந்த விருந்தாளியைப் போல நம் வீட்டுக்குள் புகுந்து, பலருடைய வீட்டில் இன்றுவரை தங்கிவிட்டது. கோயிலில் ஆள் இல்லாதபோதும் வேளை தவறவில்லை. வீட்டிலோ எல்லாரும் இருந்தும் வேளை தவறிப்போயிற்று.

வீட்டிலிருந்தபடியே தொழில் செய்வது நமக்குப் புதிதன்று. அறுபத்துமூவருள் ஒருவரான நேச நாயனார் காம்பீலி நகரில் சாலியர் குலத்தில் தோன்றியவர். மனத்தைச் சிவபெருமானுடைய திருவடிக்கும், வாக்கைத் திருவைந்தெழுத்துக்கும் வைத்து, கைத்தொழிலால் நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் அடியார்களுக்கு வழங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. நெசவாளர் வீட்டுக் குழித்தறி அடுக்களைக்குப் பத்தடி தொலைவில்தான் இருக்கும். ஆயினும் அந்தத் தொழில் வீட்டை விழுங்கிவிடவில்லை. நூல் இழையைக் காணப் பகல் வெளிச்சம் வேண்டும், பொழுது சாய்ந்தால் கை நிற்கும். பாவு விரிக்கத் தெருவுக்கு வந்தாக வேண்டும், அதனால் காலை வெயில் மேலே பட்டது. கைத்தொழில் செய்பவர் பலருக்கு அமாவாசையன்று கருவியைத் தொடாத வழக்கமும் இருந்தது. கணினிக்கு இந்தக் கட்டுகள் ஒன்றுமில்லை. தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவருகிறது. அமாவாசை, பௌர்ணமி அறியாது. சரஸ்வதி பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு கொலுவின் அருகில் மூடிக்கிடக்கிறதே, அந்த ஒருநாள்தான் அதற்கு ஓய்வு. அதுவும் எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்குமேல் தாங்கவில்லை!

இயற்கை இட்ட கட்டு போய்விட்டதென்றால் நாமாக ஒரு கட்டு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல்நாட்டுப் புத்தகங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாங்காலம், அர்த்தஜாமம் என்று நம் சிவாலயங்களில் வகுத்து வைத்த ஆறுகால பூஜையே போதும். ஒரே இடத்தில் இருந்துகொண்டு, நாள்தோறும் பலரைக் காணவேண்டியவருக்கு எப்படிப்பட்ட நாள் ஏற்றது என்பதை அதைவிட நன்றாகச் சொன்னவர் இல்லை.

பள்ளியெழுந்த கோலத்திலேயே சுவாமி நாள் முழுதும் இருந்துவிடுவதில்லை. திருவரங்கத்தில் பசுவும் யானையும் முன்நிற்க விசுவரூப தரிசனம் ஆகும். அதன்பின் திருமஞ்சனம், புது வஸ்திரம், அலங்காரம் என்று நாள் வளர்கிறது. நம் பிள்ளைகளோ கண்விழித்த படுக்கையிலேயே, முகம் கூடக் கழுவாமல், மடியில் கணினியை ஏந்திக்கொள்கிறார்கள். "யார் பார்க்கப் போகிறார்கள், அப்பா?" என்பது என் மகனுடைய நியாயம். பார்ப்பவருக்காக அன்று இந்த ஒழுங்கு. நீராடி, நெற்றிக்கு இட்டு, வெளுத்த ஆடை உடுத்தி அமரும்போது 'இனி வேலை' என்று உடம்புக்கும் மனத்துக்கும் தெரிகிறது. மாலையில் அந்த ஆடையை மாற்றும்போது 'வேலை முடிந்தது' என்பதும் தெரிகிறது.

இருக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதுகுக்குச் சாய்மானமும் பாதம் தரையில் படியும் உயரமும் வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும், இல்லையேல் கழுத்து நாள் முழுதும் குனிந்தே கிடக்கும். கண்ணுக்கு மருத்துவர்கள் சொல்லும் எளிய விதி ஒன்று உண்டு: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை, 20 விநாடி பார்ப்பது. எங்கள் ஜன்னலிலிருந்து கோபுரக் கலசம் தெரிகிறது. அதைப் பார்த்தால் கண்ணுக்கும் நல்லது, கணக்கில் ஒரு கும்பிடும் சேரும்.

உணவைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் பெரியவர்கள் தவறு செய்ததும் அங்கேதான்.

மகன் வேலையாக இருக்கிறானே என்று என் மனைவி தட்டைக் கணினியின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுவாள். அன்புதான். அவனும் இடக்கையால் விசைகளைத் தட்டிக்கொண்டே வலக்கையால் உண்பான். என்ன கறி என்று கேட்டால் தெரியாது. பசித்து உண்டதும் இல்லை, வயிறு நிறைந்தது அறிந்து நிறுத்தியதும் இல்லை. இரண்டே ஆண்டில் உடம்பு பருத்தது, நெஞ்செரிச்சல் வந்தது, கழுத்திலிருந்து தோள்வரை வலி இறங்கியது. மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?" என்பது. அவன் விடை சொல்லத் தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். நாற்பது வயதுப் பிள்ளை, ஐந்து வயதில் பார்த்தது போலவே பார்த்தான். எனக்கும் விடை தெரியவில்லை.

அன்று சாயரட்சைக்குக் கோயிலில் நின்றபோது நிவேதன வேளை. அர்ச்சகர் திரையை இழுத்தார். எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்துவரும் திரைதான். அத்தனை பேர் காத்திருந்தாலும், தூரத்து ஊரிலிருந்து வந்தவர் நின்றாலும், சுவாமி அமுது செய்யும்போது தரிசனம் கிடையாது. மணியோசை மட்டும் கேட்கும். உண்ணும் வேளை உண்பவருக்கு உரியது என்பதை அந்தத் திரை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் அதுவரை கேட்கவில்லை. மறுநாள் முதல் தட்டு உள்ளறைக்குப் போவதை நிறுத்தினோம். கூடத்தில் இலை போடுவது, கைப்பேசி அதன் பக்கம் வருவதில்லை என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரம் வீட்டில் கோபதாபம் இல்லாமல் இல்லை. சோறு ஆறிப்போன நாட்களும் உண்டு.

இன்னொரு குற்றமும் எங்களுடையதே. 'வீட்டில்தானே இருக்கிறான்' என்ற நினைப்பில் எரிவாயு உருளையை மாற்றவும், ஓய்வூதியம் வந்த குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லவும், மாடிக்கொடியில் காயும் துணியை எடுக்கவும் நாளொன்றுக்குப் பத்துமுறை கூப்பிட்டோம். அவன் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் இருந்திருந்தால் இவற்றுக்காக அழைத்திருப்போமா? அபிஷேகம் நடக்கும்போது கருவறைக்குள் எட்டிப்பார்த்து, "குருக்களே, என் பேரில் ஓர் அர்ச்சனை" என்று கேட்பதற்கு ஒப்பானது அது. பகலில் நாங்கள் பறித்த நேரத்தை அவன் இரவில் ஈடுகட்டினான். அவன் தூக்கம் கெட்டதில் எங்களுக்கும் பங்குண்டு. இப்போது சின்ன வேலைகளை ஒரு தாளில் எழுதி வைக்கிறோம். மாலையில் எழுந்து வரும்போது அவனே பார்த்துக்கொள்கிறான். தொலைக்காட்சியின் ஒலியையும் குறைத்தோம், பக்திப் பாடலேயானாலும்.

அடுத்தது நடை. மூலவர் இருந்த இடம் விட்டு அசையமாட்டார். ஆனால் அவருக்காகவே உற்சவர் என்றொரு திருமேனியை வைத்து, வாகனம் ஏற்றி, நான்கு வீதியும் உலா வரச் செய்தார்கள் நம் முன்னோர். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு அலுவலகம் போகும் அலைச்சல் மிச்சம் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் அந்த அலைச்சலோடு நடையும் வெயிலும் நாலு மனித முகமும் சேர்ந்து போய்விட்டன. வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைந்த நடை போன்ற உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளைக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். வேலைக்கு அமருமுன் தெருக்கோடிப் பிள்ளையார் வரை நடந்துபோய், தோப்புக்கரணம் போட்டுவிட்டுத் திரும்பினால் அதுவே அலுவலகம் போனதாகும். மாலையில் மீண்டும் ஒருமுறை போய்வந்தால் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பியதாகும். மகனை இதற்கு இணங்கவைக்க எனக்கு ஒரு வழிதான் கிடைத்தது: "எனக்குத் தனியாக நடக்கத் தயக்கமாக இருக்கிறது, துணைக்கு வா" என்றேன். அது முழுப்பொய்யும் அன்று.

மருமகளின் கதை வேறு. அவள் வேலை அமெரிக்காவின் கிழக்குக் கரையோடு. அங்கே காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நாம் விளக்கேற்றும் வேளையில் அவளுக்கு நடை திறக்கிறது, அர்த்தஜாமம் ஆகும்போது விடியற்காலை மூன்றைத் தாண்டுகிறது. "விளக்கு வைத்த நேரத்தில் கணினியா? விடிந்தும் தூக்கமா?" என்று நான் கடிந்துகொண்டது உண்டு. அவள் ஒன்றும் சொல்லவில்லை, முகம் மட்டும் வாடியது.

என் வாயை அடைத்தவர் தில்லைக் கூத்தர்தான். சிதம்பரத்தில் நடராசப் பெருமானுக்கு ஆண்டுக்கு ஆறு அபிஷேகம். நமக்கு ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பது கணக்கு. அதன்படி மார்கழித் திருவாதிரை அவர்களுக்கு உஷத்காலம், மாசிச் சதுர்த்தசி காலசந்தி, சித்திரைத் திருவோணம் உச்சிக்காலம், ஆனி உத்திரம் சாயரட்சை, ஆவணிச் சதுர்த்தசி இரண்டாங்காலம், புரட்டாசிச் சதுர்த்தசி அர்த்தஜாமம். கடிகாரம் அடியோடு வேறு, முறை மட்டும் அதுவே. அப்படியானால் என் மருமகளுடைய உஷத்காலம் காலை பதினொரு மணிக்கு வரக்கூடாதா? அவள் உறங்கும் அறைக்குக் கனத்த திரை போட்டோம். பத்து மணிக்கு அரவை இயந்திரம் ஓடுவதில்லை. ஏழு மணிநேரமாவது கலையாமல் உறங்கட்டும், எழுந்து நீராடி விளக்கின் முன் நிற்கட்டும், அன்றைய முதல் உணவை அமர்ந்து உண்ணட்டும். நாள்தோறும் அதே வேளையில் நடந்தால் உடம்பும் கூடியவரை பழகிக்கொள்ளும். ஆனாலும் இரவெல்லாம் விழிப்பது உடம்புக்குப் பகையே. சிவராத்திரிக்கு நான்கு காலமும் கண்விழிக்கிறோம் என்றால், அது ஆண்டுக்கு ஓர் இரவு. பகல்வேலை கிடைக்கும் வாய்ப்பு வந்தால் சம்பளம் சற்றுக் குறைந்தாலும் ஏற்றுக்கொள் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரவில் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, பால் நிவேதித்து, தாலாட்டி, கதவடைத்த பின், பல சிவாலயங்களில் சாவியைப் பைரவர் திருமுன் வைத்துச் செல்வார்கள். காவல் அவர் பொறுப்பு. அதன்பின் அந்தக் கதவை எவரும் தட்டுவதில்லை. மகனுக்கு இதைச் சொன்னேன். இப்போது இரவு ஒன்பது மணிக்குக் கணினியை மூடி, கூடத்து அலமாரியில் வைத்துவிடுகிறான். கைப்பேசியும் அதன்மேல் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் தவறுகிறது. வேலை அப்படி என்கிறான். ஐந்து நாள் நடக்கிறதே என்று நானும் பேசாமல் இருக்கிறேன்.

பகல் 12.30-க்கு உச்சிக்கால நிவேதனம் செய்து கைமணியை அடிப்பது என் பணி. அதைக் கேட்டதும் உள்ளறைக் கதவு திறக்கும். சென்ற மாதம் ஒருநாள் செய்தித்தாளில் ஆழ்ந்து நேரத்தை மறந்துவிட்டேன். மணி ஒன்றாகியிருந்தது. கதவைத் திறந்துகொண்டு மகன் வந்து நின்றான்.

"என்னப்பா, இன்னும் நடை சாத்தவில்லையா?" என்றான்.