ஓடு பிரிக்குமுன் பேச வேண்டியவை

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் கூறிப் போந்தனர். வீட்டைத் திருத்திப் பார் என்று அவர்கள் ஏன் சொல்லாது விட்டனர் என நாம் பலகால் எண்ணியதுண்டு. அக்காலத்து வீடு பெரும்பாலும் மண்சுவரும் ஓலைக் கூரையுமாக இருந்தது. வேயும் நாள் வந்ததும் அயலார் கூடினர். வீட்டுக்காரர் சோறும் கறியும் ஆக்கிப் படைத்தார். பொழுது சாயுமுன் காரியம் முடிந்தது. இன்றோ கல்வீடு, ஓட்டுக் கூரை, நீர்க்குழாய், மின்கம்பி என்று பல பொருள்களின் தொகுதியாக வீடு ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தொழிலாளியைத் தேட வேண்டும். புதுவீடு கட்டுவோர் வேறோரிடத்தில் இருந்துகொண்டு கட்டலாம். திருத்துவோர் அவ்வீட்டிலேயே சமைத்து, உண்டு, உறங்கி, பிள்ளைகளைப் பரீட்சைக்கும் ஆயத்தஞ் செய்துகொண்டு திருத்த வேண்டியவராவர்.

இக்கட்டுரையின் பொருட்டு நமக்கு அறிமுகமான குடும்பத்தார் பலரிடம், மேசனையும் ஓடாவியையும் லொறிக்காரரையும் அமர்த்திய அனுபவம் எப்படி என்று விசாரித்தோம். திருட்டைப் பற்றியோ கைத்திறன் குறைவைப் பற்றியோ குறைப்பட்டோர் சிலரே. "வருவேன் என்றார், வரவில்லை", "பேசியது ஒரு தொகை, கேட்டது வேறொரு தொகை", "பாதியில் விட்டுப் போனார்" என்னும் மூன்றையுமே மாறி மாறிக் கேட்டோம். அவற்றுள் ஒன்றைச் சற்று விரித்துக் கூறுதல் தகும்.

வலிகாமத்து ஊரொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வாழ்கின்றார். கணவர் காலமாகிவிட்டார், மக்கள் இருவரும் கனடாவில். வீடு மாமனார் காலத்தது. கலிக்கட் ஓடு வேய்ந்தது. படுக்கையறையில் மழைநீர் ஒழுகத் தொடங்கவே, ஐப்பசி மழைக்கு முன் திருத்திவிட வேண்டுமென்று மகன் பணம் அனுப்பினார். அயலார் ஒருவரின் சொற்கேட்டு ஓடாவியார் ஒருவர் வந்தார். முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார்; நான்கு நாள் வேலை என்றார்; ஒரு தொகை சொன்னார்; பாதியை முற்பணமாகப் பெற்றுக்கொண்டார்.

முதல் நாளே வடபக்கத்து ஓடுகள் யாவும் இறக்கப்பட்டன. அதன் பின்னரே கைமரங்கள் ஐந்தாறு கறையான் தின்று உள்ளே கோறையாகிவிட்டமை தெரிய வந்தது. புதுமரம் வேண்டும், மேலும் பணம் வேண்டும். அம்மையார் மகனைக் கேட்க வேண்டும் என்றார். இங்கு காலை எட்டு மணியென்றால் ரொறன்ரோவில் இரவு பத்தரை. தொலைபேசியில் விழித்திருந்த மகனுக்கு, தாயார் தனியே இருப்பது கண்டு விலையை ஏற்றுகின்றனர் என்றே தோன்றிற்று. சொல் தடித்தது. இரண்டு நாள் ஒரு முடிவுமின்றிக் கழிந்தன. மூன்றாம் நாள் ஓடாவியார் முன்னரே ஒப்புக்கொண்டிருந்த வேறொரு வேலைக்குப் போய்விட்டார். திறந்த கூரையின் மேல் ஒரு தறப்பாள் மட்டும் கிடந்தது. அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. தறப்பாளைக் காற்றுத் தூக்கியெறிந்த இரவில், எழுபத்திரண்டு வயதில் அம்மையார் கட்டிலைத் தாமே இழுத்து மண்டபத்தில் இட்டார். கலியாணப் படமும் கணவரின் புத்தகங்களும் நனைந்து போயின.

இதனைக் கேட்டபோது நமக்குச் சினமே உண்டாயிற்று. ஆயினும் மறுபக்கத்தையும் அறிய வேண்டுமென்று அந்த ஓடாவியாரைத் தேடிச் சென்றோம். அவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே தருகின்றோம். "சேர், கீழ நிண்டு பாத்தா ஓடுதான் தெரியும். கறையான் எவ்வளவு திண்டிருக்கெண்டு பிரிச்சாத்தானே தெரியும்? நான் சொன்ன காசு ஓடு மாத்திறதுக்கு, மரத்துக்கில்லை. ரெண்டு நாள் சும்மா இருந்த பொடியளுக்கும் நான்தான் கூலி குடுத்தனான்." இதுவும் பொய்யன்று.

இருவரும் வஞ்சகர் அல்லர். மரம் பழுதாயிருந்தால் என் செய்வது என்னும் ஒரு கேள்வி முற்றத்தில் நின்றபோதே கேட்கப்படவில்லை. பழைய கூரையைத் திருத்துவோர் அனைவரும் ஓடு இறக்குமுன் ஏணி வைத்து ஏறி, நான்கைந்து ஓடுகளை மட்டும் விலக்கி, கைமரத்தை உளியால் குத்திப் பார்த்தல் வேண்டும். அதற்கு அரை நாள் போதும். அந்த அரை நாளுக்குக் கூலி கொடுத்தாலும் நட்டமில்லை. நீர் சொட்டும் இடம் ஒன்று, புகும் இடம் வேறொன்று. முகட்டருகே வெடித்த ஓட்டின் வழியே புகும் நீர் கைமரத்தின் அடிவழியே ஊர்ந்து எட்டடி பத்தடி தள்ளிச் சொட்டுவதுண்டு. கீழே நின்று "இந்த ஓடுதான்" என்று கைகாட்டுபவரின் திறமையை நாம் அவ்வளவாக மெச்சுவதில்லை. இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, பணப் பேச்சு முடியினும் முடியாவிடினும், கூரையைத் திறந்தவர் அதனைச் செவ்வையாக மூடிக் கட்டிவிட்டே அகலுதல் வேண்டும். இவ்விடயத்தில் ஓடாவியாரின் நியாயத்தை நாம் ஏற்கோம்.

"வருவேன் என்று சொல்லி வராமை" என்னும் குற்றத்துக்கும் காரணம் உண்டு. 2022 ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலை தேடிப் பிறநாடு சென்றனர். கைத்தொழில் வல்ல இளைஞர் பலரும் அவர்களுள் அடங்குவர். எஞ்சியிருக்கும் நல்ல மேசன் ஒருவரை ஐந்து வீட்டார் ஒரே வேளையில் அழைக்கின்றனர். அவரும் ஒருவரையும் இழக்க மனமின்றி, ஒரு வீட்டில் அத்திவாரமும் மற்றொரு வீட்டில் பூச்சும் இன்னொரு வீட்டில் வாக்குறுதியுமாக வைத்திருக்கின்றார். விலைவாசியும் ஒரு பங்கு வகித்தது. 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றின் விலை 2021 இறுதியிலிருந்து 2022 நடுப்பகுதிக்குள் இரு மடங்குக்கு மேலேறியது. பொருளும் சேர்த்துக் கொந்தராத்து எடுத்தவர்கள் அவ்வாண்டில் கையைச் சுட்டுக்கொண்டனர். அன்றுமுதல் பலர் கூலிக்கு மட்டுமே வேலையை ஒப்புக்கொள்கின்றனர். பொருளை வீட்டுக்காரரே வாங்கித் தர வேண்டும்.

நாட்கூலி நன்றா, கொந்தராத்து நன்றா என்று வாசகர் கேட்கலாம். நாட்கூலியில் வேலை ஆறுதலாக நடக்கும். கொந்தராத்தில் ஓட்டமாக ஓடும். சுவர்ப் பூச்சு, தரை, வெள்ளையடித்தல் போன்று அளந்து பார்க்கத்தக்க வேலைகளைச் சதுரக் கணக்கில், அதாவது நூறு சதுர அடிக்கு இவ்வளவு என்று, பேசிக்கொள்ளலாம். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியவியலாத பழுதுகளுக்கு நாட்கூலியே பொருந்தும் என்பது நமது துணிபு. பூசிய சுவரை ஒரு வாரமேனும் நனைத்து வரல் வேண்டும். அந்நீரூற்றல் யார் பொறுப்பு என்பதையும் முன்னரே பேசிவிடுக. பல வீடுகளில் மேசன் வீட்டுக்காரர் ஊற்றுவார் என்றும், வீட்டுக்காரர் மேசன் ஊற்றுவார் என்றும் இருந்துவிட, சுவர் வெடித்து நிற்கின்றது.

மணல் வாங்குவோர்க்கு ஒரு குறிப்பு. நம் நாட்டில் மணல் கியூப் கணக்கில் விற்கப்படுகின்றது. ஒரு கியூப் நூறு கன அடி. ஈரமான மணல் காய்ந்த மணலைவிடப் பருத்து நிற்கும். ஆகவே மழைநாளில் வாங்கிய ஒரு கியூப் உலர்ந்தபின் குறைந்து காணப்படும். மேசன் மணலைக் கடத்திவிட்டார் என்று ஐயுறுமுன் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. மின்வேலையில் மாத்திரம் மலிவு தேடல் ஆகாது. வேலை முடிந்ததும் ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை உங்கள் கண்முன்னே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். மின்சாரம் உடனே அறுபடாவிடில் கடைசிக் கூலியைக் கொடுத்தல் வேண்டா. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டோ என்று வினவுவதும் அவமதிப்பன்று. பள்ளியிற் பயிலாது அனுபவத்தால் தொழில் கற்றோரும் திறமையை மதிப்பிடச் செய்து அதனைப் பெறும் வழி உண்டு.

மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுப்பவரை யாழ்ப்பாணத்தார் "முட்டாள்" என்று அழைத்து வந்தனர். முட்டுக் கொடுக்கும் ஆள் என்பதே அதன் பொருள் என விளக்குவோர் உளர். பொருள் எதுவாயினும், நாள் முழுதும் வெயிலில் சாந்து குழைக்கும் ஓர் இளைஞனை அப்பெயரால் கூப்பிட நமக்கு நாவெழவில்லை. "தம்பி" என்றழைத்தால் கூலி கூடிவிடப் போவதில்லை.

பேசியவற்றை எழுதிக்கொள்ளுதல் வேண்டும் என்றால் பலர் தயங்குகின்றனர். ஊரவரிடம் கையொப்பம் கேட்பதா என்பர். முத்திரை ஒட்டிய பத்திரம் எதுவும் வேண்டா. பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் அரைப் பக்கம் போதும். என்ன வேலை, எந்தப் பக்கம், பொருள் யாருடையது, கூலி சாப்பாட்டுடனா சாப்பாடின்றியா, உள்ளே பழுது காணப்பட்டால் யாரிடம் கேட்டு மேலே செல்வது என்பவற்றை எழுதி இருவரும் ஒப்பமிட்டு, கைத்தொலைபேசியால் ஒரு படமெடுத்து வெளிநாட்டிலுள்ள மகனுக்கும் அனுப்பிவிடலாம். பணத்தை முற்றாக முன்னே கொடாது வேலையின் படிகளுக்கேற்பப் பகிர்ந்து கொடுக்க. கூரை வேலையாயின், சிறு தொகையொன்றை முதல் பெருமழை பெய்யும்வரை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு கடைசித் திகதி குறித்தல் வேண்டும். மாசியில் வேலை முடித்தவர் கூலிக்காக ஐப்பசிவரை காத்திருத்தல் எங்ஙனம்?

இனி வீடு மாறுதலைப் பற்றிச் சிறிது. நாம் லொறியில் ஏற்றும் அலுமாரி, மேசை, கதிரை என்பனவும், கழற்றி வைக்கும் சாவியும், பூட்டிவிட்டுச் செல்லும் யன்னலும் போர்த்துக்கேயச் சொற்களே. லொறிக்காரருடன் பேசும் "கொந்தராத்து" என்பதும் அம்மொழியினதே. மேசன் "பாஸ்" என்பதிலுள்ள பாஸ் ஒல்லாந்தர் தந்தது. ஆட்டுக்கல் ஒன்றுதான் முற்றிலும் நம்முடையது. அதுவே தூக்குவதற்கும் மிகக் கடினமானது!

யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்த நண்பர் ஒருவரின் குடும்பத்தார் லொறிக்கென ஒரு தொகை பேசினர். ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் பயணம் ஒரு குறையுமின்றி நடந்தது. வாயிலில் இறங்கியபோதுதான் வீடு மூன்றாம் மாடியென்பதும், மின்தூக்கியில் அலுமாரி கொள்ளாதென்பதும் லொறிக்காரருக்குத் தெரிந்தன. படியேற்ற வேறு கூலி கேட்டனர். பேச்சு முடியும்வரை மெத்தையும் சுவாமிப் படங்களும் ஒழுங்கையோரத்தில் கிடந்தன. எத்தனை மாடி, படி எவ்வளவு அகலம், பாரமான பொருள் எவை, கழற்றிப் பூட்டுவது யார், உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை ஏற்றுமுன்னரே சொல்லிவிட்டால் இச்சங்கடம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே கொண்டுசெல்லல் வேண்டும்; இறக்கியபின் சில மணிநேரம் ஆறவிட்டே மின்சாரம் கொடுத்தல் வேண்டும்.

நகையும் காணி உறுதியும் சான்றிதழ்களும் லொறியிற் செல்லலாகாது. இதனை நம்மவர்க்கு ஒருவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கால்நடையாகப் பெயர்ந்தபோது, லொறியுமில்லை, கூலிப் பேச்சுமில்லை. கையிற் பிடித்த பையொன்றே மிஞ்சியது. அன்று அவ்வழி நடந்தோர் பலர் உறுதியையும் சான்றிதழையும் இன்றும் ஒரே பையில்தான் வைத்திருக்கின்றனர். மேலே சொன்ன ஆசிரியையும் மழையிரவில் முதலில் எடுத்தது அந்தப் பையையே.

பிணக்கு முற்றினால் செல்லத்தக்க இடங்களும் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம், வியாபார முறையில் சேவை வழங்குவோரைப் பற்றி முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு இருப்பின் காரியம் எளிது. காலந் தாழ்த்தாது முறையிடல் வேண்டும். ஊர்ப் பிணக்குகளுக்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட இணக்க சபைகளே ஏற்றவை. அங்கே சட்டத்தரணி வேண்டியதில்லை. இரு பக்கத்தாரும் நேரே இருந்து பேசலாம்.

ஆசிரியையின் காரியமும் இணக்க சபையிலேயே தீர்ந்தது. மரத்தின் விலையை அம்மையார் கொடுப்பது, வீணான இரண்டு நாட் கூலியை இருவரும் பாதி பாதியாக ஏற்பது, நனைந்த மெத்தைக்குப் பதில் மெத்தை ஓடாவியார் வாங்கிக் கொடுப்பது என்று உடன்பாடாயிற்று. தையில் மழை ஓய்ந்ததும் அவர் வந்து ஐந்து நாளில் கூரையை முடித்தார். இப்போது தென்பக்கத்து ஓட்டையும் அவரே பிரிக்கவிருக்கின்றார். இம்முறை ஏணி வைத்து ஏறிப் பார்த்த பின்னரே தொகை சொன்னாராம். அம்மையார் அதனைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கின்றார்.