மங்கிய வெளிச்சத்தில் பவளம் வாழ்வது எப்படி?

பவளம் செடியல்ல, விலங்கு. ஆனாலும் வீட்டுத் தொட்டியில் அதை வளர்ப்பவர்கள் விளக்கைப் பற்றியே அதிகம் யோசிக்கிறார்கள். ஏன்?

பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கையில் அவை தயாரிக்கும் உணவின் பெரும்பங்கு பவளத்துக்கே போகிறது. வெளிச்சம் குறைந்தால் பெரும்பாலான பவளங்கள் பட்டினி கிடக்கும்.

காளான் பவளம் எனப்படும் டிஸ்கோசோமா மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? அதன் உடல் தட்டுப்போல விரிந்து, கிடைக்கும் ஒளியை வாங்கிக்கொள்கிறது. உள்ளிருக்கும் பாசிகளும் ஒளி குறையும்போது தம் நிறமியைக் கூட்டிக்கொள்கின்றன. உண்மையான பாறைப் பவளங்களின் உறவான இதற்குச் சுண்ணாம்புக் கூடு கிடையாது. அதைக் கட்டும் செலவும் இல்லை.

தொட்டியின் அடியில், நீரோட்டம் மெதுவாக உள்ள இடத்தில் இதை வையுங்கள். வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் இருக்கட்டும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறையும் அளவுக்குச் சுத்திகரித்த நன்னீரையே ஊற்றுங்கள். பவளம் சுருங்கி வெளுத்தால் வெளிச்சம் அதிகமாக இருக்கலாம். விளக்கை நோக்கி நீண்டால் போதாமல் இருக்கலாம்.

தொட்டியிலேயே பெருக்கிய பவளத்தை மட்டும் வாங்குங்கள். இந்தியக் கடலில் பாறைப் பவளங்களைப் பெயர்த்தெடுப்பது 1972ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.