கோல்! (2005 திரைப்படம்)

கோல்! என்பது 2005ஆம் ஆண்டு வெளிவந்த, கால்பந்தை மையமாகக் கொண்ட ஆங்கிலத் திரைப்படம் ஆகும். டேனி கேனன் இயக்கிய இப்படத்தில், மெக்சிகோ நடிகர் கூனோ பெக்கர் சாந்தியாகோ முன்யெஸ் என்னும் இளைஞராக நடித்துள்ளார். பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் ஒத்துழைப்பு கிடைத்ததால், கற்பனைக் கழகம் ஒன்றை உருவாக்காமல் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் கழகத்தையே கதைக்களமாக எடுத்துக்கொண்டனர். அமெரிக்காவில் இப்படம் 2006ஆம் ஆண்டு வெளியானது.

ஏழை இளைஞன் ஒருவன் விளையாட்டில் உயர்கிறான் என்பது பழகிப்போன கதைதான். முடிவு என்னவாக இருக்கும் என்று முதல் பத்து நிமிடங்களிலேயே சொல்லிவிடலாம். ஆயினும் இப்படத்தைப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அதன் நாயகனிடம் திறமை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, ஆவணம் இல்லை. கதையின் முக்கியத் திருப்பங்கள் பலவும் அந்த ஒரு குறையிலிருந்தே பிறக்கின்றன.

கதை

சிறுவன் சாந்தியாகோ தன் குடும்பத்துடன் இரவோடு இரவாக மெக்சிகோ எல்லையைக் கடந்து அமெரிக்காவுக்குள் நுழைகிறான். ஓடும்போது கையிலிருந்த பந்து விழுந்துவிடுகிறது. எடுக்கத் திரும்பும் அவனைத் தந்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறார். பத்தாண்டுகள் கழிகின்றன. லாஸ் ஏஞ்சல்சில் பகலில் தந்தையுடன் செல்வந்தர் வீடுகளில் தோட்ட வேலை, பிறகு ஒரு சீன உணவகத்தில் எடுபிடி வேலை, நேரம் கிடைக்கும்போது உள்ளூர் அணியில் கால்பந்து என்று அவன் வாழ்க்கை ஓடுகிறது. காலுக்குக் காப்பு வாங்கக் காசில்லாமல் அட்டைத் துண்டுகளைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு ஆடுகிறான்.

நியூகாசிலின் முன்னாள் ஆட்டக்காரர் கிளென் ஃபாய் (ஸ்டீபன் டில்லேன்) தற்செயலாக அவன் ஆட்டத்தைப் பார்க்கிறார். இங்கிலாந்துக்கு வந்தால் கழகத்தில் ஒரு சோதனை ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். சிறுகச் சிறுகச் சேர்த்த பயணப் பணத்தைத் தந்தை எடுத்து, சொந்தத் தொழிலுக்காக ஒரு டிரக் வாங்கிவிடுகிறார். பாட்டி மெர்செடஸ் தன் நகையை விற்றுப் பயணச்சீட்டு வாங்கித் தருகிறார். மெக்சிகோ சென்று அங்கிருந்துதான் அவன் லண்டனுக்கு விமானம் ஏறுகிறான்.

சேறும் குளிருமான நியூகாசில் மைதானத்தில் முதல் சோதனை சரியாக அமையவில்லை. ஃபாய் மன்றாடியதால் ஒரு மாத வாய்ப்பு கிடைக்கிறது. இரண்டாம் நிலை அணியில் தொடங்கி, ஃபுல்ஹாம் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக முதல் அணியில் இறங்கி, இறுதியில் லிவர்பூல் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஃப்ரீ கிக் மூலம் வெற்றிக் கோல் அடிப்பது வரை கதை செல்கிறது.

தந்தை எர்னான்

டோனி பிளானா நடித்துள்ள தந்தைப் பாத்திரம் இப்படத்தின் சிறந்த பகுதி. மகனின் கனவுக்குக் குறுக்கே நிற்கும் கொடுமைக்காரர் என்று முதல் பார்வையில் தோன்றும். மாணவர்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பெரிய வீடுகளில் வாழ்பவர்கள், அந்த வீடுகளில் புல் வெட்டுபவர்கள் என உலகில் இரு வகையினரே உண்டு என்பது அவருடைய கணக்கு. ஆவணமின்றி வாழும் ஒருவர் கண்ணில் படாமல் இருப்பதையே பாதுகாப்பாகக் கருதுவார். மகன் விரும்புவதோ ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் வேலை. அவர் வாங்கிய டிரக் திருட்டுப் பணத்தில் வந்தது என்று மகன் நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால், இனி யாரிடமும் கூலிக்கு நிற்க வேண்டாம் என்று தந்தை நினைப்பதிலும் நியாயம் உண்டு. இருவரும் ஒரே பணத்தைக் கொண்டு ஒரே அடிமைத்தனத்திலிருந்துதான் தப்ப முயல்கின்றனர்.

மறைந்து வாழும் இப்பழக்கம் மகனிடமும் தொடர்கிறது. அவனுக்கு ஆஸ்துமா. கழக மருத்துவப் பரிசோதனையில் அதை மறைக்கிறான். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம். பொறாமை கொண்ட சக ஆட்டக்காரர் ஒருவர் அவன் இன்ஹேலரை நசுக்கிவிட, மூச்சுத் திணறி மோசமாக ஆடி வெளியேற்றப்படுகிறான். நட்சத்திர வீரர் காவின் ஹாரிஸ் (அலெசாந்திரோ நிவோலா) உண்மையை அறிந்து மேலாளரிடம் அழைத்துச் சென்ற பிறகே மீண்டும் வாய்ப்பு கிடைக்கிறது. இப்படத்தில் தாமாகவே தோன்றும் டேவிட் பெக்காமுக்கும் சிறுவயது முதல் ஆஸ்துமா உண்டு என்பது சில ஆண்டுகளுக்குப் பின் வெளியே தெரியவந்தது.

ஃபுல்ஹாம் ஆட்டத்தை லாஸ் ஏஞ்சல்சில் ஒரு மதுக்கூடத்தில், நியூகாசில் ரசிகர்களுக்கு நடுவே நின்று எர்னான் பார்க்கிறார். மகனிடம் அதைச் சொல்வதற்குள் மாரடைப்பால் இறந்துவிடுகிறார். தந்தை தன் ஆட்டத்தைப் பார்த்தார், பெருமைப்பட்டார் என்பது சாந்தியாகோவுக்குப் பின்னரே தெரியவருகிறது.

சட்டம் சொல்வது

தந்தையின் மரணச் செய்தி கேட்டு விமான நிலையம் வரை சென்ற சாந்தியாகோ திரும்பிவிடுகிறான். படம் இதை மன உறுதியாகக் காட்டுகிறது. ஆனால் இங்கே ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 1996ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின்படி, ஓராண்டு அல்லது அதற்கு மேல் அனுமதியின்றித் தங்கியிருந்து வெளியேறியவர் பொதுவாக 10 ஆண்டுகள் மீண்டும் நுழைய முடியாது. 18 வயதுக்கு முந்தைய காலம் மட்டும் கணக்கில் சேராது. எனவே பாட்டி வாங்கித் தந்த பயணச்சீட்டு பெரும்பாலும் ஒருவழிச் சீட்டே. மகன் புறப்பட்டபோதே, தந்தையின் இறுதிச் சடங்குக்குத் திரும்பும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

இங்கிலாந்தின் பக்கமும் கதவு அவ்வளவு எளிதில் திறக்கக்கூடியதன்று. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரர் பணி அனுமதி பெற, அதற்கு முந்தைய இரண்டாண்டுகளில் தம் தேசிய அணியின் போட்டி ஆட்டங்களில் 75 விழுக்காட்டிலாவது ஆடியிருக்க வேண்டும் என்பது அக்காலத்து விதி. மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. என்றாலும், உள்ளூர்ப் பொழுதுபோக்கு அணியில் மட்டும் ஆடிய ஒருவர் அதில் வெல்வது கடினம். கடைசி நிமிடக் கோலைவிட இதுவே படத்தின் பெரிய கற்பனை.

தொடர்ச்சி

இதன் இரண்டாம் பாகம் 2007இல் வந்தது. சாந்தியாகோ அதில் ரியல் மாட்ரிட் கழகத்துக்கு மாறுகிறான். 2009இல் வந்த மூன்றாம் பாகம் நேரடியாக டிவிடியில் வெளியானது. அவ்விரண்டிலும் நட்சத்திர வாழ்க்கையின் பகட்டு மிகுந்து, முதல் படத்தின் மண்வாசனை குறைந்துவிட்டது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஏறத்தாழ இதே பெயர் கொண்ட சாந்தியாகோ முன்யோஸ் என்னும் இளம் ஆட்டக்காரரை மெக்சிகோவின் சாந்தோஸ் லகுனா கழகத்திடமிருந்து நியூகாசில் கடனாகப் பெற்றது. உலகெங்கும் ரசிகர்கள் படத்தை நினைவுகூர்ந்து கொண்டாடினர். அமெரிக்காவில் பிறந்த அவர் முறையான ஒப்பந்தத்துடன் வந்தவர். முதல் அணிக்காக ஒரு போட்டியிலும் களமிறங்காமலே அவர் திரும்பிச் சென்றார்.